திடீரென்று பார்வை போன 15 வயதுப் பூனை: ஒரு நிகழ்வு ஆய்வு

தூத்துக்குடி மாவட்டத்தின் கடலோர ஊர் ஒன்றில் வளர்ந்த ஒரு பெண் பூனையின் கடைசி 14 மாதங்கள் பற்றியது இது. குடும்பத்தாரின் ஒப்புதலோடு, அவர்கள் யாரென்று தெரியாதபடி எழுதியிருக்கிறேன். வயதான பூனை வளர்ப்பவர்களுக்கும், என்னைப் போல் சிறிய மருத்துவமனை நடத்தும் கால்நடை மருத்துவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

பின்னணி

நாட்டுப் பூனை; வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு என்று மூன்று நிறமும் கலந்தது. குட்டியாக வீட்டுக்கு வந்து, இரண்டாவது ஈற்றுக்குப் பிறகு கருத்தடை அறுவை செய்துகொண்டது. முதல் சில வருடங்கள் வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் "வீட்டுக்குள்ளதானே கிடக்கு" என்று விட்டுப்போயிற்று. தடுப்பூசி அட்டையில் இருந்த கடைசி எடை 4.1 கிலோ, நான்கு வருடத்துக்கு முன்பு எழுதியது.

உணவு எல்லாக் கடலோர வீட்டுப் பூனைக்கும் உள்ளதுதான். அவித்த சாளை, கொஞ்சம் சோறு, சாயங்காலம் பால், கருவாடு வறுக்கும் நாளில் அதில் ஒரு துண்டு. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாலும் குளியலறை வாளியில்தான் குடிக்கும்.

வீட்டில் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா, பள்ளி ஆசிரியையான மகள், வெளியூரில் வேலை பார்த்துவிட்டு வாரக் கடைசியில் வரும் மருமகன், பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பேரன். பகல் முழுக்கப் பூனையோடு இருப்பவர் அந்த அம்மாதான். அவருக்கு ரத்தக் கொதிப்பு உண்டு, தினமும் அம்லோடிபின் மாத்திரை போடுகிறார். கை லேசாக நடுங்கும். இந்த விவரங்களை நான் முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொண்டேன். சிகிச்சை எப்படி அமையும் என்பதைப் பெருமளவு தீர்மானித்தவை இவைதான்.

வந்தபோது அவர்கள் சொன்னது

இரண்டு நாளாகப் பூனை கதவு நிலையில் முட்டிக்கொள்கிறது. கூப்பிட்டால் திரும்புகிறது, ஆனால் வேறு பக்கம் பார்க்கிறது. மூன்று வாரமாக நடு இரவில் எழுந்து நின்று நீளமாகக் கத்துகிறது. மேற்கொண்டு கேட்கக் கேட்க இன்னும் பழைய விஷயங்கள் வந்தன. ஒரு வருடமாக மெலிந்துகொண்டே வருகிறது. ஆறு மாதமாகத் தண்ணீர் அதிகம் குடிக்கிறது, மணல் தட்டு சீக்கிரம் நனைந்துவிடுகிறது. ஜன்னல் திட்டில் ஏறி உட்காருவதை எப்போதோ விட்டுவிட்டது.

இத்தனைக்கும் வீட்டில் சொல்லிக்கொண்ட காரணம் ஒன்றுதான். "வயசாயிட்டுல்லா டாக்டரம்மா" என்றார் அம்மா. பக்கத்து வீட்டில், ஊசி போட்டு அனுப்பிவிடுங்கள் என்றிருக்கிறார்கள். உறவினர் ஒருவர், வலியில்தான் கத்துகிறது, பாதி பாராசிட்டமால் கொடுங்கள் என்றிருக்கிறார். மகளுக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை, கொடுப்பதற்கு முன் தொலைபேசியில் கேட்டார். அந்த ஓர் அழைப்பு பூனையின் உயிரைக் காப்பாற்றியது. பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. மருந்து நச்சாக மாறி, ரத்தச் சிவப்பணு ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய்விடும். ஒரு மாத்திரையே ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கும் இதே எச்சரிக்கை வேறு வடிவில் பொருந்தும். மனிதர்களுக்கான டைக்ளோஃபெனாக், ஐபூபுரோஃபென் கொடுத்து வயிற்றில் புண்ணோடும் செயலிழந்த சிறுநீரகத்தோடும் வரும் கிழ நாய்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம்.

பரிசோதனையில் தெரிந்தது

எடை 2.9 கிலோ. பழைய எடையில் கால்வாசிக்கு மேல் போயிருந்தது. முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. இரண்டு கண்மணியும் அகல விரிந்திருந்தன, வெளிச்சம் அடித்தால் சுருங்கவில்லை. கண்ணுக்கு எதிரே கையை வேகமாகக் கொண்டுபோனாலும் இமைக்கவில்லை. உள்ளே பார்த்தபோது விழித்திரை தன் இடத்திலிருந்து பிரிந்து, சாம்பல் நிறத் திரை போல முன்னால் மிதந்தது. இடது கண்ணில் ரத்தக் கசிவும் இருந்தது.

இப்படி ஒரு கண்ணைப் பார்த்ததும் வயதான பூனையில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரத்த அழுத்தம். அதை அளப்பதில் அவசரம் கூடாது. பயந்த பூனைக்கு அழுத்தம் தானாகவே ஏறும். நாய் குரைப்புக் கேட்காத அறையில், வீட்டிலிருந்து கொண்டுவந்த துண்டின் மேல் அம்மாவின் மடியிலேயே பத்து நிமிடம் விட்டோம். அழுத்தம் அளக்கக் காலில் கட்டும் பட்டையின் அகலம் காலின் சுற்றளவில் 30 முதல் 40 சதவீதம் இருக்க வேண்டும் என்பதால் குழந்தைகளுக்கான சிறிய பட்டையைப் பயன்படுத்தினோம். முதல் அளவை விட்டுவிட்டு, அடுத்த ஆறு அளவுகளின் சராசரியை எடுத்தோம்: 228. பூனைக்கு 160-க்கு மேல் போனாலே கவலைப்பட வேண்டும். 180-ஐத் தாண்டினால் கண், மூளை, இதயம், சிறுநீரகம் நான்குக்கும் ஆபத்து அதிகம்.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 3.2. சிறுநீரக நோயைப் படிநிலைப்படுத்தும் ஐரிஸ் அமைப்பின் கணக்கில் 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை. பாஸ்பரஸ் 6.4, பொட்டாசியம் சற்றுக் குறைவாக 3.3. சிறுநீர் அடர்த்தி 1.014, அதாவது சிறுநீரகத்தால் தண்ணீரைத் தக்கவைக்க முடியவில்லை. தண்ணீர்த் தாகத்துக்குக் காரணம் அதுதான். சிறுநீரில் புரதம் எல்லைக்கோட்டில் இருந்தது. சர்க்கரை இயல்பு. கிழப் பூனை மெலிந்து கத்தினால் தைராய்டு மிகையையும் பார்த்தாக வேண்டும், அதையும் அனுப்பினோம், இயல்பாக வந்தது. எக்ஸ்ரேயில் இரண்டு முழங்கையிலும் இடுப்பிலும் மூட்டுத் தேய்மானம். கீழ்த் தாடையில் ஒரு கடைவாய்ப் பல் வேரோடு அரித்திருந்தது.

ஆக, வயது என்று சொன்ன ஒரே சொல்லுக்குள் நான்கு நோய்கள் இருந்தன. மூட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2002-ல் வந்த ஓர் ஆய்வில், 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களில் 90-ல் மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. ஆனால் பூனை நாயைப் போல நொண்டிக் காட்டாது. ஏறுவதை நிறுத்தும், முதுகை நக்கிச் சுத்தம் செய்வதை விடும், தட்டின் விளிம்பைத் தாண்டக் கஷ்டப்பட்டு வெளியே சிறுநீர் கழிக்கும். வீட்டார் அதைச் சோம்பல் என்றோ கெட்ட பழக்கம் என்றோ எடுத்துக்கொள்வார்கள்.

முதல் வாரத்தில் எடுத்த முடிவுகள்

கருணைக்கொலை பற்றி மகள் நேராகக் கேட்டார். பூனை சாப்பிடுகிறது, துன்பத்தில் பெரும்பகுதிக்கு மருந்து உண்டு, பார்வை திரும்பாவிட்டாலும் பழகிய வீட்டில் பார்வையில்லாத பூனை நன்றாகவே வாழும் என்று சொன்னேன். இரண்டு வாரம் பார்த்துவிட்டு மறுபடி பேசுவோம் என்று முடிவானது.

அடுத்து மருந்து. காகிதத்தில் எழுதினால் இந்தப் பூனைக்கு ஆறு மருந்து வரும்: ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, பாஸ்பரஸைக் கட்ட ஒன்று, பொட்டாசியம், வலிக்கு ஒன்று, குமட்டலுக்கு ஒன்று, தோலுக்கடியில் திரவம். எழுதிக் கொடுப்பது எளிது. நடுங்கும் கையோடு ஒரு பூனையின் வாயைத் திறந்து தினமும் ஐந்து முறை மருந்து போடுவது யாராலும் முடியாது. மூன்றாம் நாள் எல்லாமே நின்றுவிடும், பூனையும் அம்மாவைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் ஓடும். கடைசிக் காலத்தில் அதற்கு இருக்கும் பெரிய ஆறுதல் அந்த மடிதான். அதைக் கெடுக்கும் சிகிச்சை எனக்கு வேண்டாம்.

அதனால் தவறவே கூடாத ஒன்று எது என்று முதலில் பிரித்தோம். அது அம்லோடிபின். 200-ஐத் தாண்டிய அழுத்தத்துக்கு 1.25 மில்லிகிராம், 2.5 மாத்திரையில் பாதி, ஒரு நாளைக்கு ஒரு தடவை. மாத்திரையை மகள் ஞாயிற்றுக்கிழமை பாதியாக வெட்டி டப்பாவில் போட்டு வைப்பார். அம்மா தன் மாத்திரை போடும் காலை நேரத்திலேயே பூனைக்கும் கொடுப்பார். அவருடைய மாத்திரை 5 மில்லிகிராம் என்பதால் மாறிப்போகும் ஆபத்து இருந்தது. பூனையின் டப்பாவைச் சமையலறையிலும் அவருடையதைப் படுக்கையறையிலும் வைக்கச் சொன்னோம். வீட்டில் யாராவது இதே மருந்து சாப்பிடுகிறார்கள் என்பதற்காக அளந்து பார்க்காமல் பூனைக்கு உடைத்துக் கொடுக்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னோம்.

மாத்திரைக்குப் பின் ஊசி இல்லாத சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீர் கட்டாயம். உலர்ந்த மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும்.

தோலுக்கடியில் திரவம் ஏற்றுவதை முதல் வாரம் வேண்டுமென்றே தவிர்த்தோம். நீர்ச்சத்துக் குறைவு லேசாகத்தான் இருந்தது. அந்த அழுத்தத்தில், இதயத்தில் கூடுதல் ஒலியும் கேட்ட நிலையில், உப்புத் திரவத்தை ஏற்றினால் நுரையீரலில் நீர் கோக்கலாம். வலிக்கு மெலாக்ஸிகாமும் வேண்டாம் என்று வைத்தோம். நிலையான சிறுநீரக நோயில் குறைந்த அளவில் அதைக் கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் இந்தப் பூனை மூன்றாம் நிலையில், அழுத்தமும் கட்டுக்குள் வராமல் இருந்தது. பதிலாக கபாபென்டினைக் குறைந்த அளவில், இரவு மட்டும், மகள் கொடுப்பதாக ஏற்பாடு. பொட்டாசியம் உணவில் கலந்து. பாஸ்பரஸ் மருந்தைத் தள்ளிவைத்து, முதலில் உணவை மாற்றிப் பார்க்கலாம் என்று விட்டோம்.

வீட்டுக்குள் செய்த மாற்றங்கள்

மருந்துக்குச் சமமாக இதற்கு நேரம் செலவழித்தோம். வழவழப்பான டைல்ஸ் தரையில் தேய்ந்த மூட்டோடு நடப்பது பூனைக்குச் சறுக்கலாக இருந்தது. படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து மணல் தட்டு வரை பழைய கோணிச் சாக்கை விரித்தார்கள். பார்வையில்லாத பூனைக்கு அதுவே வழிகாட்டியும் ஆயிற்று, காலுக்குச் சாக்கு தட்டுப்படும் வரை அது தைரியமாக நடந்தது. மணல் தட்டின் முன்விளிம்பைப் பேரன் இரண்டு விரல் உயரத்துக்கு வெட்டி, ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்தான். வெளியே சிறுநீர் கழிப்பது அந்த வாரமே நின்றது. மேசை நாற்காலியை இடம் மாற்றக் கூடாது, குளியலறை வாளியை மூடிவைக்க வேண்டும், வீட்டில் மூன்று இடத்தில் அகலமான மண் சட்டியில் தண்ணீர் வைக்க வேண்டும். இரவில் கூடத்தில் சின்ன விளக்கு. மார்கழிக் குளிருக்கு அட்டைப் பெட்டிக்குள் பழைய சேலை.

உணவுதான் கஷ்டமாக இருந்தது. சிறுநீரக நோய்க்கென்று வரும் உணவில் பாஸ்பரஸ் குறைவு, அதோடு வாழும் பூனைகள் நீண்ட நாள் வாழ்கின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. இந்தப் பூனை அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. பட்டினி போட்டால் சாப்பிடும் என்ற யோசனை பூனையிடம் கூடவே கூடாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து வேறொரு நோய் வந்து நிற்கும். கருவாட்டை மட்டும் உடனே நிறுத்தினோம். உப்பில்லாமல் அவித்த சாளையில் தினம் ஒரு கரண்டி புது உணவைப் பிசைந்து, ஐந்தாறு வாரத்தில் பாதிக்குப் பாதி என்ற இடத்துக்கு வந்தோம். அதற்கு மேல் அது இறங்கி வரவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. சரியான உணவைச் சாப்பிடாத பூனையைவிட, பாதி சரியான உணவை வயிறாரச் சாப்பிடும் பூனை மேல்.

தொடர்ந்து நடந்தது

மூன்றாம் நாள் அழுத்தம் 186. எட்டாம் நாள் 158. இரவுக் கத்தல் பத்து நாளுக்குள் பெரும்பாலும் அடங்கியது, வலியாலா அழுத்தத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் மருந்து கொடுத்தோம். மூன்றாம் வாரம் இரண்டு விழித்திரையும் ஏறக்குறைய தம் இடத்தில் ஒட்டியிருந்தன. வலது கண் வெளிச்சத்துக்குச் சுருங்கியது. சாளைத் துண்டை வலது பக்கம் அசைத்தால் தலை திரும்பியது. இடது கண் திரும்பவில்லை. விழித்திரை ஒட்டினாலும் பார்வை வருமா என்பது எத்தனை நாள் பிரிந்திருந்தது என்பதைப் பொறுத்தது. இவர்கள் இரண்டாம் நாளிலேயே வந்ததுதான் ஒரு கண்ணையாவது மீட்டது.

ஐந்தாம் வாரம் அழுத்தம் மறுபடி 196. அம்மா ஒரு துக்க வீட்டுக்குப் போய் நான்கு நாள் தங்கியிருக்கிறார். பேரன் மாத்திரையைச் சோற்றில் வைத்திருக்கிறான், பூனை அதைச் சுற்றிச் சாப்பிட்டுவிட்டு மாத்திரையைத் தட்டிலேயே விட்டிருக்கிறது. மருந்தைக் கூட்டவில்லை. பேரனை மருத்துவமனைக்கு வரச் சொல்லி, கடைவாய்க்குப் பின்னால் மாத்திரையை வைத்து, வாயை மூடி, தொண்டையைத் தடவி, தண்ணீர் கொடுப்பதை அவன் கையாலேயே செய்யவைத்தோம். ஒரு வாரத்தில் 154-க்கு இறங்கியது. அப்புறம் இந்தப் பிரச்சினை வரவே இல்லை.

இரண்டாம் மாத முடிவில் எடை 3.1 கிலோ, கிரியாட்டினின் 2.9, பாஸ்பரஸ் 4.9. பாஸ்பரஸ் மருந்து தேவைப்படவில்லை. மூன்றாம் மாதம் அரித்த பல்லை மயக்க மருந்து கொடுத்து எடுத்தோம். இந்த வயதில் மயக்கமா என்று எல்லோரும் தயங்கினார்கள். நரம்பில் திரவம் ஓடவிட்டு, அழுத்தத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே செய்தோம். பல் போன பிறகு பூனை இரண்டு பக்கமும் மென்று சாப்பிட்டது. ஜன்னல் திட்டுக்கு ஒரு முக்காலியைப் படியாகப் போட்டுக் கொடுத்ததும் மறுபடி அங்கே போய் உட்கார ஆரம்பித்தது. ஏழாம் மாதத்திலிருந்து வாரம் இரண்டு தடவை 75 மில்லி திரவம் தோலுக்கடியில், மகள் வீட்டிலேயே ஏற்றினார்.

முடிவு

பதின்மூன்றாம் மாதத்தில் இறக்கம் தொடங்கியது. எடை 2.4, கிரியாட்டினின் 6.1, ரத்தசோகை, வாந்தி. மருத்துவமனையில் வைத்துச் சில நாள் திரவம் ஏற்றிப் பார்க்கலாம் என்ற வழியைச் சொன்னேன். கூண்டுக்குள் சில நாள் இருந்து கிடைப்பது அதிகபட்சம் சில வாரங்கள் என்பதையும் சொன்னேன். அவர்கள் வேண்டாம் என்றார்கள், அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அன்றிலிருந்து தினசரிக் காலண்டர் தாளில் அம்மா ஒரு குறி போட்டார். தானாக எழுந்து வந்து சாப்பிட்டு, மடியில் வந்து படுத்தால் நல்ல நாள். மூன்றில் இரண்டு இல்லையென்றால் கெட்ட நாள். ஒரு வாரத்தில் கெட்ட நாள் மிகுந்தால் என்னைக் கூப்பிட வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். நாள் குறிக்கும் பாரத்தை ஒருவர் தலையில் அந்த நேரத்தில் சுமத்தாமல் இருக்க இது உதவியது. மூன்றாவது வாரம் மகள் அழைத்தார். வீட்டுக்கே போய், முதலில் தூக்க ஊசி போட்டு, அது ஆழ்ந்து உறங்கிய பிறகு கடைசி ஊசியைப் போட்டோம். பேரனும் கூட இருக்க விரும்பினான், இருந்தான்.

இனி மாற்றிக்கொள்பவை

இந்தப் பூனையின் அழுத்தம் பார்வை போவதற்குப் பல மாதங்கள் முன்பே ஏறியிருக்கும். மெலிவு தொடங்கிய வருடத்தில் யாராவது பட்டை கட்டி அளந்திருந்தால் இரண்டு கண்ணும் மிஞ்சியிருக்கும். இப்போது எங்களிடம் வரும் பூனைக்கு 7 வயதிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவையும், 11 வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவையும் ரத்த அழுத்தம் பார்க்கிறோம், எதற்காக வந்திருந்தாலும் சரி. தடுப்பூசி வேண்டாம் என்று நினைப்பவர்களைக்கூட இதற்காக வரச் சொல்கிறோம். ஒரு மாத அம்லோடிபின் ஒரு கிலோ சாளை விலைகூட வராது, செலவு என்று யாரும் பின்வாங்கியதில்லை.

மருந்துச் சீட்டில் இரண்டு பெயர் எழுதுகிறோம்: மாத்திரை போடுபவர் யார், அவர் ஊரில் இல்லாதபோது போடுபவர் யார். இரண்டாமவருக்கும் முதல் நாளே செய்து காட்டுகிறோம். சிறுநீரில் புரதம் அதிகமாக இருக்கும் பூனைக்கு, அழுத்தத்தோடு புரதக் கசிவையும் குறைக்கும் டெல்மிசார்டான் மருந்தையும் யோசிப்போம், இந்தப் பூனைக்கு அது தேவைப்படவில்லை.

எடையை மாதம் ஒரு தடவை வீட்டாரே பார்த்து அட்டையில் எழுத வேண்டும். ஆள் நிற்கும் எடை இயந்திரத்தில் பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறிக் கழித்துப் பார்ப்பது துல்லியமாக வராது. மளிகைக் கடையின் மின்தராசில் மூடிய கூடையோடு வைத்து, கூடையின் எடையைக் கழித்தால் போதும். அட்டையில் முந்தைய எடையைவிட 200 கிராம் குறைந்தால், வேறு எந்தத் தொந்தரவும் தெரியாவிட்டாலும், அந்த வாரமே கூட்டிவரச் சொல்கிறோம்.